கண்ணாடி ஊரில் அப்பா

சுவீடன் நாட்டுக்குப் போய்வந்தேன் என்றதும் பள்ளியில் எல்லாரும் கேட்ட முதல் கேள்வி, "டீச்சர், பனி பார்த்தீங்களா?" என்பதுதான். பனியும் இல்லை, ஒன்றும் இல்லை. நாங்கள் போனது மே மாதக் கடைசியில். இரவு ஒன்பதரை, பத்து மணிக்குக்கூட வெளிச்சம் இருந்தது. படுக்கப் போகும்போது திரைச்சீலையை இழுத்து மூட வேண்டியிருந்தது. நான் பார்த்து வந்தது கண்ணாடி. முகம் பார்க்கும் கண்ணாடி அல்ல, வாசகர்களே. குவளையும் கிண்ணமும் பூச்சாடியுமாக, மனிதன் தன் மூச்சால் ஊதிச் செய்கிற கண்ணாடி.

நாங்கள் என்றால் நானும் என் அப்பாவும். அப்பாவுக்கு வயது 74. பேராக் மாநிலத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் 16 வயதில் பால் வெட்டத் தொடங்கி, 55 வயதில் ஓய்வு பெற்றவர். அந்தத் தோட்டம் இப்போது செம்பனைத் தோட்டம். ஓய்வுக்குப் பிறகும் அப்பா லயத்து வீட்டிலேயே இருந்தார். என் தம்பி அதே தோட்டத்தில் லோரி ஓட்டிக்கொண்டிருந்ததால் வீடு எங்கள் கையில் இருந்தது. சென்ற ஆண்டு தம்பி பட்டணத்தில் வேலை கிடைத்துப் போய்விட்டான். மூன்றாம் மாதம் ஆபீசிலிருந்து கடிதம் வந்தது. தோட்டத்தில் வேலை செய்பவர் யாரும் இல்லாத வீட்டைக் காலி செய்து கொடுக்க வேண்டும் என்று. அப்பா அதை நான்காக மடித்து, சாமி மாடத்தில் அம்மா படத்துக்குப் பின்னால் செருகி வைத்துவிட்டார். அதைப் பற்றிப் பேசவே இல்லை.

என் தங்கை சுவீடனில் வெக்‌ஷோ என்னும் ஊரில் தாதியாக இருக்கிறாள். மாப்பிள்ளைக்கும் அங்கேதான் வேலை. செய்தி தெரிந்ததும் தொலைபேசியில் அழுதாள். "அப்பாவை இங்கே கூட்டிட்டு வாக்கா. மூணு மாசம் இருக்கட்டும். பிடிச்சா நிரந்தரமா இருக்கிறதுக்கு என்ன வழின்னு நாங்க பார்க்கிறோம்" என்றாள். எனக்கோ, பட்டணத்துத் தாமானில் மூன்று அறை வீடு இருக்கும்போது அப்பாவை ஏன் கடல் தாண்டி அனுப்ப வேண்டும் என்ற எண்ணம். இரண்டு பெண்களும் ஆளுக்கொரு பக்கம் இழுக்க, அப்பா சொன்னது ஒரே சொல்: "பார்ப்போம்." பள்ளி விடுமுறை தொடங்கிய மறுநாளே புறப்பட்டோம்.

பயணக் கதையை வளர்க்க விரும்பவில்லை. டென்மார்க்கின் கோப்பன்ஹேகனில் விமானம் இறங்கியது. அங்கிருந்து கடல்மேல் கட்டிய பாலத்தைத் தாண்டி, ரயிலில் சுமார் இரண்டரை மணி நேரம். வழியெல்லாம் ஊசியிலை மரக்காடு. அப்பா ஜன்னலை விட்டுக் கண் எடுக்கவில்லை. "இவ்வளவு மரம் இருக்கு, ஒண்ணுலகூட வெட்டு இல்லையே" என்றார்.

வெக்‌ஷோ இருக்கும் பகுதிக்கு ஸ்மோலாந்து என்று பெயர். நம்மவர்கள் வார இறுதியில் சுற்றிப் பார்க்கப் போகும் ஐக்கியா கடையைத் தொடங்கியவர் பிறந்தது இந்த ஸ்மோலாந்தில்தான்; 1943-ல் அவர் அதைத் தொடங்கியதும் இங்கேதான். தட்டுமுட்டுச் சாமானைத் தட்டையாகக் கட்டி மலிவாக விற்கும் புத்தி எங்கிருந்து வந்தது என்று யோசித்தால், இந்த மண்ணைப் பார்த்தாலே தெரியும். கல்லான மண். உழவுக்கு முன் கல் பொறுக்க வேண்டும். பொறுக்கிய கல்லை எங்கே போடுவது? வயலைச் சுற்றிச் சுவராக அடுக்கிவிட்டார்கள். காட்டுக்குள்ளே, இன்று மரம் முளைத்துவிட்ட இடங்களிலும் அந்தச் சுவர்கள் ஓடுகின்றன. அப்பா ஒரு சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "எத்தனை பேரு முதுகு ஒடிஞ்சிருக்கும்" என்றார்.

சோறு போடாத மண்ணில் காடும் ஏரியும் மட்டும் நிறைய. கண்ணாடி உலைக்கு விறகு வேண்டும்; விறகு என்றால் கொஞ்சநஞ்சமல்ல, இரவும் பகலும் எரிக்க வேண்டும். அதனால்தான் இந்தக் காட்டுக்குள் கண்ணாடி ஆலைகள் வந்தன. முதலில் நிலைத்தது கோஸ்தா. 1742-ல் தொடங்கியது. சுவீடன் மன்னர் பன்னிரண்டாம் கார்லின் படையில் இருந்து, பின்னாளில் ஆளுநர்களான இருவர் தொடங்கினார்கள். ஒருவர் பெயர் கொஸ்குல், மற்றவர் பெயர் ஸ்டேல் ஃபொன் ஹோல்ஸ்டைன். முன்னவரின் கோ, பின்னவரின் ஸ்தா, இரண்டும் சேர்ந்து கோஸ்தா. நம் தோட்டங்கள் பலவற்றுக்கும் ஏதோ ஒரு துரையின் பெயரோ துரையின் ஊரோதானே இன்னும் நிற்கிறது!

துரைமார் பணம் போட்டார்கள். ஊதத் தெரிந்தவர் உள்ளூரில் இல்லை. ஜெர்மன் நாட்டுப் பக்கமிருந்து தொழில் தெரிந்த ஆட்களை வரவழைத்தார்கள். ஆக, இன்று சுவீடன்காரர்கள் தங்கள் பெருமை என்று சொல்லிக்கொள்ளும் இந்தக் கண்ணாடி, பிழைக்க வந்தவர்களின் கையால் தொடங்கியது. எனக்கு இது பிடித்திருந்தது.

பிறகு போடா 1864, ஓரெஃபோர்ஸ் 1898 என்று காட்டுக்குள் ஆலைமேல் ஆலை எழுந்தது. இந்தப் பகுதி முழுவதையும் சேர்த்து கிளாஸ்ரிகெட் என்கிறார்கள், கண்ணாடி ராஜ்யம் என்று பொருள். பல பத்து ஆலைகள் எரிந்த ராஜ்யத்தில் இப்போது பத்துச் சொச்சம் உலைகள்தாம் எரிகின்றன. அவற்றிலும் பல சிறிய பட்டறைகள்.

கோஸ்தாவுக்கு மாப்பிள்ளை காரில் கூட்டிப் போனார். முக்கால் மணி நேரம். நான் ஏதோ பெரிய நகரம் என்று நினைத்திருந்தேன். ஆயிரம் பேர்கூட இல்லாத கிராமம். ஒரு பக்கம் தள்ளுபடிக் கடைகள், 2009-ல் திறந்த கண்ணாடி அலங்கார ஹோட்டல், பஸ் பஸ்ஸாக வந்திறங்கும் சுற்றுப்பயணிகள். அந்தக் கூட்டத்தைத் தாண்டி உள்ளே போனால் உலைக்கூடம். அதை ஹித்தா என்கிறார்கள்.

கதவைத் திறந்ததும் சூடு முகத்தில் அடித்தது. வெளியே பதினைந்து பாகைக் குளிரில் நடுங்கிக்கொண்டு வந்த அப்பா, "இப்பதான் நம்ம ஊருக்கு வந்த மாதிரி இருக்கு" என்று குளிர்ச்சட்டையைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டார். பார்ப்பவர்கள் நிற்க ஒரு மேடை இருக்கிறது. அதன் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றோம். என் கால் வலித்தது. அப்பாவுக்கு வலித்ததாகத் தெரியவில்லை.

கண்ணாடி என்பது மணல்தான். மணலோடு சோடா உப்பும் சுண்ணாம்பும் சேர்த்து 1400 பாகைக்கு மேல் சூடாக்கினால் உருகிப் பாகாகிறது. உருக்குவது இரவில், ஊதுவது பகலில். காலையில் ஆட்கள் வரும்போது பாகு பதமாக இருக்க வேண்டும். அதிரசத்துக்குப் பாகு காய்ச்சியவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஒரு பதம் முந்தினாலும் பிந்தினாலும் கெட்டது. இங்கேயும் அதே கதைதான், ஆனால் விரல் விட்டுப் பதம் பார்க்க முடியாது! நிறத்தையும் அது வழிகிற விதத்தையும் கண்ணால் பார்த்தே சொல்கிறார்கள்.

நம் அடுப்பங்கரை ஊதாங்குழலைப் பெரிதாக்கினால் எப்படி இருக்கும், அப்படி ஓர் இரும்புக் குழாய். ஆள் மார்பு உயரம். அதன் நுனியை உலைக்குள் விட்டுச் சுழற்றினால் பாகு ஒட்டிக்கொண்டு வருகிறது. தேன் கரண்டியைச் சுழற்றுவது போலத்தான். சுழற்றுவதை நிறுத்தினால் பாகு ஒரு பக்கமாகத் தொங்கிவிடும். அதனால் எடுத்த நொடியிலிருந்து முடிக்கும் நொடிவரை கை சுழற்றிக்கொண்டே இருக்க வேண்டும். நனைத்த மரக் குடுவையில் வைத்து உருட்டுகிறார்கள். புகையும் ஆவியும் கிளம்புகின்றன. ஈரச் செய்தித்தாளை மடித்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, அந்தத் தாள் மட்டுமே இடையில் இருக்க, செக்கச் செவேலென்று எரியும் கண்ணாடியை வெறுங்கையால் தடவுவது போலத் தடவி உருவம் கொடுக்கிறார்கள். அதைப் பார்த்ததும் என் தங்கை மகன், "பெரியம்மா, இது மெஜிக்!" என்று கத்தினான்.

ஒருவர் தனியாகச் செய்வதில்லை. ஐந்தாறு பேர் கொண்ட குழு. தலைவருக்கு மேஸ்தரே என்று பெயர். நம் மேஸ்திரி என்ற சொல் போர்த்துகீசிய வழியில் வந்தது என்று படித்திருக்கிறேன். இதுவும் அதற்கு உறவுக்காரச் சொல்லாகத்தான் இருக்க வேண்டும். ஒருவர் பாகு எடுக்க, ஒருவர் முதல் மூச்சு ஊத, ஒருவர் அடிப்பாகம் ஒட்ட, மேஸ்தரே ஒரு பெஞ்சில் உட்கார்ந்து கத்தரியால் வாயை வெட்டித் திறக்கிறார். யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை. ஒருவர் திரும்பும் இடத்தில் மற்றவர் குழாயோடு நிற்கிறார். இளம்பெண் ஒருத்தியும் அந்தக் குழுவில் இருந்தாள். முன்பெல்லாம் பெண்களுக்கு உலைப் பக்கம் வேலை கிடையாது. பொதி கட்டுவதும் வண்ணம் தீட்டுவதும்தான் அவர்கள் வேலை.

அப்பா என் காதருகே, "அந்தப் பெஞ்சுல இருக்கிறவரைப் பாரு. அவரு கண்ணாடியைப் பார்க்கவே இல்ல. கைதான் பார்க்குது" என்றார். இதைச் சொல்ல அப்பாவுக்குத் தகுதி உண்டு. விடியும் முன்னே தலைவிளக்கோடு போய், ஒரு நாளைக்கு ஐந்நூறு மரத்துக்கு மேல் வெட்டியவர். பட்டையை மெல்லிசாகச் சீவ வேண்டும். ஆழம் போதாவிட்டால் பால் வராது, கத்தி உள்ளே இறங்கினால் மரம் காயப்பட்டு முண்டு முண்டாகிவிடும். இரண்டுக்கும் நடுவே உள்ள அந்த இடைவெளி ஒரு தாளின் கனம்தான். இருட்டில் அதைக் கைதானே கண்டுபிடித்தது?

முடிந்த சாடியைக் குழாயிலிருந்து தட்டி எடுத்து, இன்னோர் உலைக்குள் வைக்கிறார்கள். அது சுமார் 500 பாகையிலிருந்து மெல்ல மெல்ல ஆற வேண்டும். அவசரப்பட்டால் வெடித்துவிடும். முற்காலத்தில் சூடான சாமானை அந்த உலைக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள் சிறுவர்கள். பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டிய பிள்ளைகள். நம் தோட்டங்களில் அம்மாவுக்கு மங்கு துடைக்கவும் ஒட்டுப்பால் பொறுக்கவும் போன பிள்ளைகளை நினைத்துக்கொண்டேன். இங்கே அப்படி வேலை செய்த ஸ்மோலாந்துச் சிறுவர்களில் ஒருவர் பின்னாளில் சுவீடனின் பெரிய எழுத்தாளர்களில் ஒருவரானார். வில்ஹெல்ம் மூபெரி என்று பெயர்; 1898-ல் பிறந்தவர். இளமையில் காட்டிலும் கண்ணாடி ஆலையிலும் கூலி வேலை பார்த்தவர். கல்லைப் பொறுக்கி அலுத்து அமெரிக்காவுக்குக் கப்பலேறிய தம் மக்களைப் பற்றி 1949 முதல் 1959 வரை நான்கு பெரிய நாவல்கள் எழுதினார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து 1930 வரை அப்படிக் கிளம்பிப் போன சுவீடன்காரர்கள் பன்னிரண்டு லட்சத்துக்கும் மேல். அவர்கள் நினைவாக வெக்‌ஷோவில் 1968-ல் ஓர் இல்லமே திறந்திருக்கிறார்கள். அங்கே கப்பலில் கொண்டுபோன மரப்பெட்டிகளைப் பார்த்த அப்பா, "உங்க பாட்டனும் இப்படி ஒரு தகரப் பெட்டியோடதான் பினாங்குல இறங்கினாரு" என்று பேரனிடம் சொன்னார். பேரன் அதைச் சுவீடன் மொழியில் அங்கிருந்த ஊழியரிடம் சொல்ல, அவர் எழுந்து வந்து அப்பாவுக்குக் கை கொடுத்தார்.

மீண்டும் உலைக்கூடத்துக்கு வருகிறேன். நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தபோதே ஓர் அழகான நீலச் சாடியை மேஸ்தரே தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார். அப்படியே ஓர் இரும்புத் தொட்டியில் போட்டுவிட்டார். கலீரென்று உடைந்தது. அப்பா, "ஐயோ!" என்றே சொல்லிவிட்டார். உள்ளே ஒரு சின்னக் குமிழி இருந்ததாம். இத்தனை பேர் உழைப்பு ஒரு குமிழியால் போயிற்று. ஆனால் நிறமில்லாத உடைசல் மறுபடி உருக்குக்குப் போகும், வீணாவதில்லை.

கடைப்பகுதியில் சாடிகளுக்கு அடியில் கீறியிருந்த கையெழுத்துகளை மாப்பிள்ளை படித்துக் காட்டினார். அப்பா கேட்டார்: "இது ஊதினவரு பேரா?"

"இல்ல மாமா. வடிவம் வரைஞ்சு கொடுத்த கலைஞர் பேரு."

"அப்போ ஊதினவரு பேரு?"

மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே கையை விரித்தார். பெரும்பாலும் அப்படித்தான். அப்பா அந்தச் சாடியைப் பக்குவமாக இருந்த இடத்திலேயே வைத்தார். விலையைப் பார்த்து நான் மயங்கி விழாத குறை. நம் வெள்ளியில் கணக்குப் போட்டால் என் ஒரு மாதச் சம்பளம்.

அன்று மாலை அந்தப் பகுதியின் பழைய வழக்கப்படி உலைக்கூடத்திலேயே சாப்பிட்டோம். அதற்கு ஹித்சில் என்று பெயர். ஹித்தா என்றால் உலைக்கூடம், சில் என்றால் ஹெர்ரிங் மீன். உலை இரவும் அணையாது. ஆகவே குளிர்காலத்தில் ஊரிலேயே வெதுவெதுப்பான இடம் அதுதான். வேலை முடிந்த ஆட்களும், வீடு வாசல் இல்லாமல் ஊர் ஊராகத் திரிந்தவர்களும் அங்கே வந்து படுப்பார்கள். மீனையும் உருளைக்கிழங்கையும் உலைச் சூட்டில் சுட்டுத் தின்பார்கள். ஒருவர் பாட, ஒருவர் கதை சொல்ல, வேற்றூர்ச் செய்தி எல்லாம் அங்கேதான் பரவும். இன்று அதே உணவைப் பயணிகளுக்குக் காசு வாங்கிக்கொண்டு பரிமாறுகிறார்கள். காசு வாங்கினால் என்ன, மீன் நன்றாக இருந்தது. அப்பா உப்பு மீனைக் கிழங்கோடு பிசைந்து, "கொஞ்சம் சம்பல் இருந்தா இன்னும் நல்லா இருக்கும்" என்றார். தங்கை கைப்பையிலிருந்து ஒரு சிறு புட்டியை எடுத்து நீட்டினாள். வெளிநாட்டில் வாழும் நம் பெண்களின் கைப்பையைக் குறைவாக மதிப்பிட வேண்டாம்! கடைசியில் பாலைத் திரித்து, வாதுமை சேர்த்துச் சுட்ட ஒரு பணியாரம் கொடுத்தார்கள், பழப் பாகோடு. அதில் நான் இரண்டு வாங்கினேன்.

மணியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். முற்காலத்தில் இந்நாட்டு ஆலைகளிலும் பெரிய பண்ணைகளிலும் ஆட்களை வேலைக்கும் சாப்பாட்டுக்கும் அழைக்க ஒரு மணி இருந்தது. அதன் பெயரைத் தமிழில் சொன்னால் கஞ்சி மணி. ஆலைக்காரரே வீடும் விறகும் கொடுப்பார், கடையும் அவருடையதே. பெரட்டு மணி கேட்டு எழுந்து, தோட்டத்துக் கடையில் பற்று எழுதி வளர்ந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அப்பா இதைக் கேட்டதும் சிரிக்கவில்லை. "வீடு குடுத்தாங்களா?" என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் ஓரெஃபோர்ஸ் போனோம். கோஸ்தாவிலிருந்து கால் மணி நேரம்தான். கண்ணாடி பற்றி அறிந்தவர்களிடம் ஓரெஃபோர்ஸ் என்றால் எழுந்து நிற்பார்கள். 1916-ல் சைமன் காட்டே என்ற ஓவியரும், 1917-ல் எட்வர்ட் ஹால்ட் என்ற ஓவியரும் இந்தக் காட்டு ஊருக்கு வேலைக்கு வந்தார்கள். ஓவியர் வரைய, ஊதுபவர்கள் செய்ய, 1925-ல் பாரிஸ் கண்காட்சியில் ஊர் பெயர் உலகத்துக்குத் தெரிந்தது. கிரால் என்று ஒரு முறையை இங்கேதான் கண்டுபிடித்தார்கள். நிறக் கண்ணாடியில் சிறு உருண்டை செய்து, ஆறவைத்து, அதில் சித்திரம் செதுக்கி, மறுபடி சூடாக்கி, மேலே தெளிந்த கண்ணாடியைப் போர்த்தி ஊதினால் சித்திரம் கண்ணாடிக்குள்ளே மிதக்கும். வெளியே தடவினால் வழுவழுப்பு. உள்ளே மீன் நீந்தும். நோபெல் பரிசு விருந்தில் வைக்கிற குவளைகள் 1991-லிருந்து ஓரெஃபோர்ஸ் பெயரில் வந்தவைதாம்.

அப்பேர்ப்பட்ட உலை 2013-ல் அணைந்தது. வெளிநாட்டு மலிவுக் கண்ணாடி, ஆள் கூலி, எரிபொருள் செலவு, வீட்டில் விருந்துக் குவளை வாங்கி அடுக்கும் பழக்கம் குறைந்தது என்று பல காரணம் சொல்கிறார்கள். 1990-ல் ஓரெஃபோர்ஸும் கோஸ்தா போடாவும் ஒரே கம்பெனியாயின. பிறகு கை மாறி, மறுபடி கை மாறியது. பெயர் மட்டும் இன்னும் கடைகளில் விற்கிறது. சாமான் வேறெங்கோ செய்யப்படுகிறது. ஆலைக் கட்டடத்தைச் சுற்றி வந்தோம். புல் நன்றாக வெட்டியிருந்தது. ஆள் நடமாட்டம் இல்லை. நம் பக்கத்தில் ரப்பர் ஸ்டோரைப் பூட்டிவிட்டுப் போன பிறகு இருக்குமே, அந்த அமைதி.

பழைய ஆலைகளின் மண்ணில் இன்னொன்றும் தங்கிவிட்டது. பளிங்குக்கு ஈயம் சேர்த்தார்கள்; குமிழி போக்கவும் நிறம் தெளியவும் ஆர்சனிக் என்ற நஞ்சைச் சேர்த்தார்கள். உடைசலையும் கழிவையும் ஆலைப் பின்புறம் கொட்டினார்கள். இப்போது அரசாங்கம் பணம் செலவழித்து ஒவ்வோர் இடமாகத் தோண்டிச் சுத்தம் செய்கிறது. நம் தோட்டங்களில் மருந்தடித்த பெண்களை நினைத்துக்கொள்ளாமல் இருக்க முடியவில்லை. பாராகுவாட் என்ற அந்தக் களைக்கொல்லியைச் சுவீடன் 1983-லேயே தடை செய்துவிட்டது. மலேசியாவில் முழுத் தடை வந்தது 2020 ஜனவரியில். நடுவே 37 ஆண்டுகள். என் அம்மா அதில் பதினோரு ஆண்டுகள் மருந்து வாளி சுமந்தவர். அவ்வளவுதான் சொல்வேன்.

ஆலை எதிரே ஒரு வீட்டு வாசலில் முதியவர் ஒருவர் பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்துத் தலையசைத்தார். தங்கை மகன் போய்ப் பேச்சுக் கொடுத்தான். ஒன்பது வயதுப் பிள்ளை. வீட்டில் தமிழ், வெளியே சுவீடன் மொழி. (அந்நாட்டில் ஐந்து பிள்ளைகள் சேர்ந்து, ஆசிரியரும் கிடைத்தால் தாய்மொழி வகுப்பு நடத்த வேண்டும் என்பது சட்டம். மாப்பிள்ளை விண்ணப்பம் போட்டிருக்கிறார். இதை நம் பள்ளி வாரியத்தாருக்காகச் சொல்லி வைக்கிறேன்.) முதியவர் இந்த ஆலையில் கண்ணாடிக்குச் சாணை பிடித்துப் பூ வெட்டியவராம். நாற்பது ஆண்டு வேலை. அவர் பேச, பிள்ளை மொழிபெயர்க்க, அப்பா கேள்வி கேட்டார்.

"உலை அணைஞ்ச அன்னிக்கு நீங்க இங்க இருந்தீங்களா?"

ஓய்வு பெற்றுவிட்டாராம், ஆனால் போய் நின்றாராம். பாகை இறைத்துக் காலி செய்ததைப் பார்த்தாராம்.

"மத்தவங்க எங்க போனாங்க?"

சிலர் கோஸ்தாவுக்கு, சிலர் வெக்‌ஷோவுக்கு, சிலர் வேறு தொழிலுக்கு.

"நீங்க ஏன் போகல?"

முதியவர் பிள்ளையைப் பார்த்துச் சிரித்து, பின்னால் இருந்த சிவப்பு மர வீட்டைக் கையால் தட்டிக் காட்டினார். "இது என் வீடுன்னு சொல்றாரு தாத்தா. சம்பளத்துல வாங்கினதாம்."

அப்பா அந்த வீட்டை நிதானமாகப் பார்த்தார். நான்கு ஜன்னல், வெள்ளைச் சட்டம், ஓர் ஆப்பிள் மரம். "சின்ன வீடுதான்" என்றார். பிறகு முதியவரின் கையைப் பிடித்துத் தம் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். சாணைக்கல்லும் தண்ணீரும் தேய்த்த விரல்கள். முதியவரும் அப்பாவின் கையைத் திருப்பிப் பார்த்தார். கத்தி பிடித்துக் காய்ப்பேறிய இடத்தைக் கட்டைவிரலால் அழுத்தி ஏதோ கேட்டார். பிள்ளைக்கு அதற்குத் தமிழ் தெரியவில்லை. அவர்களுக்கு அது தேவைப்படவும் இல்லை.

காரில் திரும்பும்போது அப்பா முதன்முறையாக அந்தக் கடிதத்தைப் பற்றிப் பேசினார்.

"அவருக்கு வேலை போனாலும் வீடு போகல. நான் முப்பத்தொன்பது வருஷம் வெட்டினேன். பெரிய பாப்பா, நீ ஸ்கூலுக்குப் போற வயசிலேயே சொந்த வீட்டுத் திட்டம் வருதுன்னு கூட்டம் போட்டாங்க. கூட்டத்துக்கு நானும் போனேன். கையெழுத்தும் போட்டேன்."

யாரும் ஒன்றும் சொல்லவில்லை. தங்கை மட்டும், "அதனாலதான் இங்கே இருந்திடுங்கப்பா" என்றாள்.

"இதுவும் உன் வீடுதானே ஆத்தா" என்றார் அப்பா. அவள் அழத் தொடங்கினாள். அப்பா கோபமாகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னார். சற்றுப் பொறுத்து, "மூணு மாசம் இருக்கேன். பிள்ளைகூட இருக்கேன். அப்புறம் பார்ப்போம்" என்றார்.

பள்ளி திறக்க நான்கு நாள் இருக்கும்போது நான் மட்டும் திரும்பினேன். அதற்கு முதல் நாள், பயணிகள் ஊதிப் பார்க்க அனுமதிக்கும் ஒரு சிறு பட்டறைக்கு அப்பாவைக் கூட்டிப் போனோம். அங்கிருந்த இளைஞர் குழாயைச் சுழற்றிக்கொண்டே பிடித்திருக்க, அப்பா வாய் வைத்து ஊதினார். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. "கொஞ்சம் மெதுவா, நிறுத்தாம" என்று இளைஞர் சொன்னதைப் பேரன் சொன்னான். இரண்டாம் மூச்சில் நுனியில் ஒரு முட்டை போலக் கிளம்பியது. அப்பாவின் கண் விரிந்ததை நான் கைத்தொலைபேசியில் படம் பிடித்து வைத்திருக்கிறேன். வாயை வெட்டித் திறந்து முடித்தபோது அது சற்றுக் கோணலான ஒரு கிண்ணம். "மங்கு மாதிரியே இருக்கு!" என்று அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். ஆறுவதற்கு ஓர் இரவு வேண்டும் என்பதால் நான் அதைக் கையில் வாங்கவில்லை.

ஊருக்கு வந்ததும் தோட்ட ஆபீசுக்குப் போய், அப்பா வெளிநாட்டில் இருப்பதைச் சொல்லித் தவணை கேட்டேன். கிராணி என் பழைய மாணவன். எழுந்து நின்று நாற்காலி போட்டான், ஆனால் முடிவு அவன் கையில் இல்லையே. இரண்டு வாரம் கழித்து டிசம்பர் வரை என்று பதில் வந்தது. தம்பியும் நானும் ஞாயிற்றுக்கிழமைகளில் போய்ச் சாமான்களைக் கட்டுகிறோம். என் வீட்டில் வாசல் பக்கத்து அறையைப் பூசி வைத்திருக்கிறேன்.

ஆகஸ்டு கடைசியில் அப்பாவின் மூன்று மாதம் முடிகிறது. திரும்பி எங்கே வருவார் என்று இன்னும் சொல்லவில்லை. தங்கை இன்னும் விடவில்லை, நானும் விடவில்லை. வாரத்துக்கு ஒரு நாள் மாப்பிள்ளையை நச்சரித்துக் கோஸ்தாவுக்குப் போகிறாராம். மேடைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாராம். இப்போதெல்லாம் மேஸ்தரே அவரைப் பார்த்ததும் குழாயைத் தூக்கிக் காட்டுகிறாராம்.

போன வாரம் பேசியபோது வீட்டுச் சாமான் எல்லாம் கட்டியாயிற்றா என்று கேட்டார். ஆயிற்று என்றேன்.

"அடுப்பங்கரைக் கூரை இடுக்குல பால் வெட்டுற கத்தி இருக்கும். அதைப் பெட்டியில போட்டிடாதே. எண்ணெய் தடவி, துணி சுத்தித் தனியா வை" என்றார்.

எடுத்து வைத்திருக்கிறேன்.